சாமி டப்பாவும் மச்சான் கயிறும்

"ஏளா புஷ்பம், சிரிக்காம இன்னொரு வாட்டி சொல்லு. ஒம்மவளையும் மத்த நர்சுமாரையும் ரெண்டு நாள் ஏசி ரூம்ல உக்கார வச்சு, பிரியாணியும் போட்டு, இதையா சொல்லிக் குடுத்தாவ?"

"ஆமாக்கா. பேஷண்டுக்கு மருந்து மட்டும் பத்தாதாம். மனசுல என்ன நம்பிக்கை வச்சிருக்காருன்னு கேக்கணுமாம். 'உங்களுக்கு எது தைரியம் குடுக்குது'ன்னு கேட்டுட்டு, அதுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கிடணுமாம். எம்மவ கலாவுக்கு சர்ட்டிபிகேட்டே குடுத்துட்டாவ. ஸ்பிரிச்சுவல் கேர்னு பேராம்."

பேர் நன்றாகத்தான் இருக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக நுழைந்தபோது என் தலைமுடி கறுப்பு, வெளியே வந்தபோது வெள்ளை. நடுவில் நான் பார்த்த வேலைக்கு இப்படி ஓர் இங்கிலீஷ் பேர் உண்டு என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை, பார் புஷ்பம். சொல்லியிருந்தால் கொஞ்சம் கழுத்தை நிமிர்த்தி நடந்திருப்பேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏரல் பக்கத்து வயல்காட்டிலிருந்து தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நாற்று நடத் தெரியும், எழுத்து தெரியாது. வீட்டுக்காரர் போன பிறகு ஆஸ்பத்திரியில் தரை கழுவச் சேர்ந்தேன். தரையிலிருந்து பெட்பேன், பெட்பேனிலிருந்து ஆபரேஷன் தியேட்டர். மருந்துப் புட்டியை நிறத்தாலும் வாடையாலும் அடையாளம் வைத்துக்கொள்வேன். கிருமி கொல்லும் லைசால் என்றால் ஒரு வாடை, மயக்கம் கொடுக்கும் ஈதர் என்றால் ஒரு வாடை. இரண்டையும் மாற்றியவள் என்று ஒருத்தரும் என்னைச் சொல்ல முடியாது. அவ்வளவுதான் என் படிப்பு.

தியேட்டரில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. உள்ளே போகும் பேஷண்டின் உடம்பில் நூல், தகடு, மணி எதுவும் இருக்கக் கூடாது. அது டாக்டரம்மா சட்டம். தாயத்து, செபமாலை, அரைஞாண் கயிறு, கழுத்தில் போடும் மாதா உத்தரியம், திருநீற்றுப் பொட்டலம், எல்லாவற்றையும் நான் கழற்றி, மூடி போட்ட எனாமல் டப்பாவில் போட்டுப் பத்திரமாக வைத்து, ஆபரேஷன் முடிந்ததும் திருப்பிக் கட்டிவிட வேண்டும். அதற்குச் சாமி டப்பா என்று நான்தான் பேர் வைத்தேன். காயல்பட்டணத்து மரைக்காயர் தாயத்தும், திருச்செந்தூர் முருகன் திருநீறும், கடற்கரைக்காரர்களின் மாதா சுரூபமும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். எத்தனையோ வருஷம் அந்த டப்பா என் இடுப்பில் இருந்திருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு நாள்கூடச் சண்டைச் சத்தம் கேட்டதில்லை. சத்தமெல்லாம் வெளியேதான்.

டாக்டரம்மா என்றால் எஸ்தரம்மா. நாசரேத்துப் பக்கம் வாத்தியார் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். கோபம் வந்தால் சத்தம் கூடாது, குறையும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் தியேட்டரில் பாதிப் பேர் செய்த வேலையை மறுபடி சரிபார்ப்பார்கள். கை கழுவுவதற்குக் கடிகாரம் பார்க்க மாட்டார். குழாயைத் திறந்துவிட்டு, பிரஷ்ஷால் நகத்தைத் தேய்த்தபடி கீர்த்தனை ஒன்றைச் சரணம் விடாமல் பாடுவார். கடைசிச் சரணம் முடிந்தால் கை சுத்தம் என்று கணக்கு. அவசரக் கேஸ் வந்தாலும் சரணத்தைக் குறைக்க மாட்டார், வேகத்தைத்தான் கூட்டுவார். பிறகு மேஜைப் பக்கம் வந்து, உறை போட்ட கைகளை எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு ஜெபம். 'ஆமென்' என்ற பிறகுதான் கத்தி. ஜெபம் இல்லாமல் ஒரு கொப்புளத்தைக்கூட அவர் கீறி நான் பார்த்ததில்லை.

ஆனால் பேஷண்ட் நூல் கட்டியிருந்தால் அது மூடநம்பிக்கை.

"பேச்சி, இந்த அழுக்குக் கயித்துலயா இவரு உசுரு இருக்கு? கழட்டு" என்பார். நானும் கழற்றுவேன். என் இடுப்பில் குலசை முத்தாரம்மன் குங்குமம் முடிந்து இருந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தும் கேட்காமல் இருந்தாரோ என்னவோ.

நான் சொல்ல வந்த நாள், புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில். கல் லாரிகள் ஆஸ்பத்திரி ரோடு வழியாகத்தான் போகும். ஒவ்வொரு லாரிக்கும் தியேட்டர் கண்ணாடி ஒரு தடவை நடுங்கும். அப்படி ஒரு லாரியில்தான் மிக்கேலைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கூட அவன் பெண்டாட்டி ரோசம்மா.

ஆள் நல்ல திடகாத்திரம். நெஞ்சு மட்டும் பானை மாதிரி அகலம், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தான். காலையிலிருந்து வாந்தி. அடிவயிற்றுக்குக் கீழே, தொடை மடிப்பில் ஒரு வீக்கம், கல் மாதிரி. டாக்டரம்மா இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். அவன் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"குடல் எறங்கி மாட்டிக்கிட்டு. ரத்தம் ஓடல. இப்பவே திறந்து விடணும். சாயங்காலம் வரைக்கும் விட்டா அழுகிரும். அதுக்கப்பறம் நான் இருந்தும் பிரயோஜனமில்ல" என்று ரோசம்மாவிடம் சொன்னார்.

முதுகில் ஊசி போட்டு விழித்திருக்கும்போதே செய்யலாம் என்றால், வாந்தியில் உடம்பு வற்றிப் பிரஷர் தரையில் கிடந்தது. ஈதர் கொடுத்து முழு மயக்கம்தான் வழி. அதைக் கேட்டதும் மிக்கேல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மயக்கம்னா எங்கன போவேன்?"

"எங்கயும் போக மாட்டீரு. தூங்குவீரு."

"நெனவு இருக்காது. மூச்சு எங் கையில இருக்காது. அப்ப அது கடலுக்குள்ள எறங்குத மாதிரிலா? அப்ப மேல கயிறு பிடிக்க ஆள் வேணும்மா. எங்க மச்சான் கயிறு பிடிச்சா எறங்குதேன். இல்லைன்னா இப்படியே கெடந்து போறேன்."

டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஏதாவது கழற்ற வேண்டிய நூலா என்று நானும் பார்த்தேன். இவன் கழற்றாதே என்று கேட்கவில்லை, கட்டத்தான் கேட்கிறான்.

ரோசம்மாதான் விளக்கினாள். முத்துக்குளிப்பு நடந்த காலத்திலேயே அவர்களுக்குள் இருந்த வழக்கம் அது. தண்ணீருக்குள் இறங்குகிறவன் உடம்பில் ஒரு கயிறு, தோணியில் நிற்கிறவன் கையில் அதன் மறுமுனை. அந்த மறுமுனையை அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். ஏன் என்றால், தங்கச்சி தாலி போகுமே என்ற பயம் அவன் ஒருத்தனுக்குத்தான் நிஜமாக இருக்கும். ரோசம்மாவின் அண்ணன் கஸ்பார் பிடித்த கயிற்றில்தான் மிக்கேல் ஆயிரம் தடவை இறங்கி ஏறியிருக்கிறான்.

"அப்ப கூப்பிடு அண்ணனை" என்றேன் நான்.

ரோசம்மா சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். அங்கேதான் சிக்கல்.

கஸ்பார் மாதா கோயிலை விட்டுப் போய் ஒரு சபையில் சேர்ந்துவிட்டான். வெள்ளை உடுப்பு, நகை கிடையாது, மருந்து கிடையாது. காய்ச்சல் வந்தாலும் ஜெபம்தான். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபை முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறான். ரோசம்மா பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்தபோது, தாய்மாமன் என்று வந்து நின்றவன், "வெவரம் தெரியாத பிள்ளைக்குத் தண்ணி ஊத்துதது கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டான். மாதா கோயில் சாமியார் முன்னாலேயே மிக்கேல் அவன் சட்டையைப் பிடித்தான். அன்றோடு பேச்சு நின்றது. பேச்சு நின்றதும் கயிறும் நின்றது. கயிறு பிடிக்க ஆளில்லாமல் மிக்கேல் கடலை விட்டு, பழைய துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். மூட்டை தூக்கித்தான் குடல் இறங்கியது.

ஒரே யேசுவுக்கு இத்தனை சண்டையா என்று நான் யோசித்தேன். எங்கள் ஊரில் இருபத்தோரு தேவதைக்கும் ஒரே கோயிலில் இடம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்றுதான் வெட்டுக்குத்து வரும். சரி, அது வேறு கதை.

தியேட்டரைப் பார்த்துக்கொள்ளும் தங்கம் சிஸ்டர், சாத்தான்குளத்துக்காரி, கேட்டதும் வெடித்தாள். "தியேட்டருக்குள்ள தாம்புக் கயிறா? கிருமி என்ன, பாசிதான் வளரும். ஏம்மா, இவன் சொல்லுதான்னு கேட்டுக்கிட்டு நிக்கீய?"

டாக்டரம்மா மெதுவாகப் பேச ஆரம்பித்தார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"மிக்கேல், கயிறு உம்மைக் காப்பாத்தாது. கடவுளும் இந்தக் கையும்தான் காப்பாத்தணும். கைநாட்டு வையும்."

அவன் வலியோடு சிரித்தான். "நீங்க ஜெபம் பண்ணாம கத்தியத் தொட மாட்டீயளாமே அம்மா? இன்னைக்கு ஒரு நாள் பண்ணாம அறுங்க. நானும் கயிறு இல்லாம படுக்கேன்."

அந்த அம்மாவிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டாக்டரம்மா அவன் நாடியை மறுபடி பிடித்துப் பார்த்தார். பிறகு தங்கம் சிஸ்டரிடம் திரும்பினார்.

"பயந்துக்கிட்டுப் படுத்தா ஈதர் ரெண்டு மடங்கு பிடிக்கும். இந்தப் பிரஷர்ல அது ஆபத்து. அதவிடக் கயிறு தேவலை. பேச்சி, மச்சானை வரச் சொல்லு."

கஸ்பார் உப்பளத்தில் வேலையாக இருந்தான். மிஷன் ஜீப்பில் ரோசம்மா போய், வீட்டு விட்டத்தில் தொங்கிய பழைய கயிற்றையும் எடுத்துக்கொண்டு, அவனையும் கூட்டி வந்தாள். வந்தவன் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கால் முழுக்க உப்பு பூத்திருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் டாக்டரம்மா. நான் நடுவில்.

"ஸ்தோத்திரம்" என்றான்.

"ஸ்தோத்திரம்" என்றார் இவர். இரண்டு பேர் சொன்னதும் ஒரே வார்த்தைதான். ஆனால் இரண்டு பக்கமும் அதில் ஒரு சந்தேகம் இருந்தது.

"அம்மா, நான் வாக்குக் குடுத்தவன். உள்ள வர மாட்டேன். வேணும்னா இங்கனயே முழங்காலில நின்னு ஜெபம் பண்ணுதேன். கர்த்தர் சொகம் குடுப்பாரு."

"பண்ணும். நானும் பண்ணுவேன். ஆனா உள்ள கெடக்கவரு உம்ம ஜெபத்தையும் கேக்கல, எஞ் ஜெபத்தையும் கேக்கல. உம்ம கையக் கேக்காரு."

கஸ்பார் ரோட்டிலேயே முழங்கால் போடப் போனான். ரோசம்மா அழவில்லை. கயிற்றுச் சுருளை அவன் காலடியில் போட்டாள்.

"உள்ள வராட்டாப் போ அண்ணே. நாளைக்கு எந்தாலியக் கழட்டும்போது பக்கத்துல நிக்க மட்டும் வந்துரு. அதுக்கு ஒங்க சபையில தடை ஒண்ணும் இல்லைலா?"

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. டாக்டரம்மா கேட்டையும் மதிலையும் ரோட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

"நீரு நிக்கீறே, இந்த ரோடு யாருது?"

"முனிசிபாலிட்டியுது."

"அப்ப இது ஒங்க சபையும் இல்ல, எங்க மிஷனும் இல்ல. இங்கனயே நில்லும். கயிறு உம்மகிட்ட வரும்."

அதற்கு அவன் சபையில் சட்டம் இல்லை. யாரும் நினைத்துப் பார்த்துச் சட்டம் போட்டிருக்க முடியாது, இல்லையா?

தங்கம் சிஸ்டர் கடைசிப் போராட்டமாகக் கயிற்றை லைசால் தொட்டியில் முக்கி ஊறவைத்தாள். தொட்டித் தண்ணீர் கருப்பட்டிப் பாகு நிறமானது. தரை கழுவும் தண்ணீர் வெளியே போக தியேட்டர் சுவரின் அடியில் ஒரு துவாரம் உண்டு. அதன் வழியாகக் கயிற்றை விட்டு, செம்பருத்திச் செடியைத் தாண்டி, மதிலுக்கு மேலே எறிந்தேன். அந்தப் பக்கம் கஸ்பார் பிடித்துக்கொண்டான். இந்த முனையைக் கட்டுவதில் ஒரு தகராறு. இடுப்பில்தான் கட்ட வேண்டும் என்றான் மிக்கேல்.

"இடுப்புல நான் வேலை பாக்கணும் வே" என்றார் டாக்டரம்மா. கடைசியில் வீக்கம் இல்லாத பக்கத்துக் கணுக்காலுக்கு இறங்கி வந்தான். மேலே சுத்தமான துணி சுற்றி, மூடி, கைநாட்டும் ஆனது. அவன் கழுத்து உத்தரியத்தை நான் கழற்றி டப்பாவில் போட்டபோது அவன் கால் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. கவலையெல்லாம் காலில் இருந்தது.

டாக்டரம்மா சரணம் முடித்து, ஜெபம் முடித்து, ஆமென் சொன்னார். மிக்கேல் காலை ஒரு தடவை சுண்டினான். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதிலுக்கு ஒரு சுண்டு வந்தது. அவன் முகம் தெளிந்துவிட்டது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். தங்கம் சிஸ்டர் அவன் மூக்கின் மேல் துணி போட்ட கம்பி வலையை வைத்து ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

விட்டுக்கொண்டே இருக்கிறாள், ஆள் மூச்சே விடவில்லை. நெஞ்சு அசையவில்லை. வலை நனைகிறது, வாடை எங்களுக்குத்தான் ஏறுகிறது. "அம்மா, மூச்சு நின்னுட்டு!" என்று சிஸ்டர் அலறினாள். டாக்டரம்மா தொடாமல் குனிந்து, கழுத்தில் நாடி துடிப்பதைப் பார்த்தார்.

"நிக்கல. பிடிச்சு வச்சிருக்காரு. பழக்கம். எவ்வளவு நேரம் பிடிப்பாரு, பாப்போம்."

சங்கு எடுக்கிறவன் மூச்சு அது, லேசில் தீருமா? ஒரு கல் லாரி வந்து, கண்ணாடி நடுங்கி, அது கடலோரம் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகுதான் முழு வாயும் திறந்து ஒரே இழுப்பு. அந்த ஒரு இழுப்பில் ஆள் மயக்கத்தின் அடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டரம்மா திறந்தார். மாட்டியிருந்த வளையத்தை அறுத்துவிட்டு, குடலை வெளியே எடுத்தார். நான் அவர் பின்னால் வாளியோடு நின்றேன். அந்த நேரம் பார்த்து, மேஜை மேல் கிடந்த மிக்கேலின் கால் தானாகச் சடாரென்று நீண்டது. உடம்பே மேஜையில் ஒரு சாண் வழுக்கியது. தங்கம் சிஸ்டர் அவன் தோளைப் பிடித்துத் தொங்கினாள். டாக்டரம்மா கத்தியை உயரத் தூக்கிவிட்டார். நல்ல வேளை.

வெளியே கஸ்பார் இழுக்கிறான்! தப்பும் சொல்ல முடியாது. இறங்கினவன் இவ்வளவு நேரம் சைகை கொடுக்காவிட்டால் தோணியில் நிற்கிறவன் இழுத்துத்தானே ஆக வேண்டும்? கையே அப்படிப் பழகியிருக்கிறது.

டாக்டரம்மா சத்தத்தைக் குறைத்தார். "பேச்சி, வாளியப் போடு. கயித்தப் பிடி. உசுரோட இருக்காருன்னு சொல்லு அவருக்கு."

"எப்படிம்மா சொல்ல?"

வராந்தாவில் நின்ற ரோசம்மா கதவு வழியாகக் கத்தினாள். "ரெண்டு சுண்டு சுண்டுங்கக்கா! 'கீழ வேலை கெடக்கு, விடு'ன்னு அர்த்தம்!"

துவாரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இரண்டு சுண்டு சுண்டினேன். கயிறு தளர்ந்தது. அன்றைக்கு ஆபரேஷன் முடியும்வரை என் வேலை அதுதான், அவ்வப்போது இரண்டு சுண்டு. நான் மறந்தால் டாக்டரம்மாவே நிமிராமல், "பேச்சி, கயிறு" என்பார். ஊசி, நூல், கத்தரி என்று கேட்கிற அதே குரலில்.

இனிமேல்தான் முக்கியமான இடம். வெளியே எடுத்த குடல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அது செத்துவிட்டதா, மயங்கித்தான் கிடக்கிறதா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. செத்திருந்தால் அவ்வளவையும் வெட்டி எடுத்து மறுபடி சேர்க்க வேண்டும். அந்தப் பிரஷரில் அவ்வளவு நேரம் தாங்க மாட்டான். டாக்டரம்மா வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் குடலை மூடினார். கையை மடக்கி வைத்துக்கொண்டு நின்றார். துணியை எடுத்துப் பார்ப்பார், மூடுவார், வேறு துணி கேட்பார். அந்த நேரத்தில் செய்வதற்கு வேறு ஒன்றும் கிடையாது. படித்தவருக்கும் இல்லை, படிக்காதவளுக்கும் இல்லை. அவர் உதடு அசைந்தது. தங்கம் சிஸ்டர் உதடும் அசைந்தது. நான் ஒரு கையால் இடுப்புக் குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் கயிற்றைச் சுண்டினேன்.

வெளியே என்ன நடந்தது என்று ரோசம்மா பிறகு சொன்னாள். ஏன் இழுத்தாய் என்று திட்டுவதற்காக மதிலோரம் ஓடியிருக்கிறாள். ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. உப்பு வண்டிக்காரர் ஒருத்தர், "என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குள்ள வலை போட்டிருக்கீயளா? என்ன மீன் கெடக்கு?" என்று கேட்டாராம். கஸ்பார் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தங்கச்சியிடம் மட்டும், "நேரம் தெரியல ரோசு. முன்ன சொல்லி எண்ணுவம்லா, அத விட்டுட்டம்லா" என்றானாம்.

தோணியில் கடிகாரம் ஏது? கயிறு பிடிப்பவன் 'அருள்நிறை மரியே' செபத்தை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லித்தான் எண்ணுவான். டாக்டரம்மாவுக்குக் கீர்த்தனைச் சரணம் மாதிரி. சபையில் சேர்ந்த பிறகு மாதா செபம் கூடாது. செபத்தை விட்டவனுக்கு அளவும் போய்விட்டது. அதனால்தான் கண்டபடி இழுத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அவன் தப்பாக ஒரு தடவைகூட இழுக்கவில்லை. ஏன் என்று கேள். ரோசம்மா மதிலில் சாய்ந்து நின்றிருக்கிறாள். அந்தப் பக்கமிருந்து, உதடு திறக்காமல், மூக்குக்குள்ளேயே ஒரு முனகல். அதே மாதா செபம், முழுசும். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள், யாருக்கும் சொல்லாதீங்கக்கா என்றாள். நான் யாரிடமும் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே.

உள்ளே டாக்டரம்மா எத்தனாவது முறையோ துணியை விலக்கினார். ஒரு ஓரத்தில் நிறம் மாறியிருந்தது, கறுப்புக்குள் ஒரு சிவப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பரவியது. குடல் ஒரு தடவை சோம்பலாக நெளிந்தது.

"ம்" என்றார் டாக்டரம்மா. அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

தைத்து முடித்ததும் தங்கம் சிஸ்டர் முதல் வேலையாக அவன் காலிலிருந்து கயிற்றை அவிழ்த்து, ஸ்டூல் காலில் முடிந்து தள்ளினாள். மிக்கேலை வார்டுக்குக் கொண்டுபோனோம். உத்தரியத்தைக் கழுத்தில் போட்டுவிட்டேன். வெயில் சாயும்போதுதான் கண் திறந்தான். ஈதர் தெளியும்போது சிலர் அழுவார்கள், சிலர் பாடுவார்கள். இவன் காலை அசைத்துப் பார்த்தான்.

"கயிறு எங்க?"

"ஆபரேஷன் முடிஞ்சிட்டு வே. பிழைச்சிட்டீரு. கயிறு எதுக்கு?"

"நான் இன்னும் இழுக்கலையே. நான் இழுக்காம மச்சான் எப்படி விடுவான்?"

ரோசம்மா கேட்டுக்கு ஓடினாள், நான் பின்னால். கூட்டம் கலைந்து ரோடு காலியாக இருந்தது. கஸ்பார் அதே இடத்தில் நின்றான், கயிறு உள்ளங்கையில் இரண்டு சுற்று. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"முடிஞ்சிட்டு அண்ணே, வா" என்றாள்.

"ஏறினதுக்கு அவன் மூணு சுண்டு சுண்டணும். நீ சொல்லி நான் விடக் கூடாது."

போய்ச் சொன்னேன் டாக்டரம்மாவிடம். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "தியேட்டர்ல இருந்து வார்டு வரைக்கும் எட்டுமா அது?" என்றார்.

எட்டவில்லை. கட்டுத்துணியைச் சேர்த்து முடிந்தோம். துணியை எடுத்துக் கொடுத்தது தங்கம் சிஸ்டர்தான். "பழசு இல்ல, புதுசு எடு" என்று வேறு சொன்னாள். வராந்தா வழியாக இழுத்து வந்து மிக்கேல் கையில் கொடுத்தோம். பலமில்லாமல் மூன்று சுண்டு சுண்டினான்.

அவ்வளவுதான், மதிலுக்கு அந்தப் பக்கம் இழுக்க ஆரம்பித்தான். வெள்ளைத் துணி வாலோடு கயிறு கட்டில்களுக்கு நடுவே சரசரவென்று ஓடியது. பேஷண்டுகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். வராந்தாவைக் கடந்து, தியேட்டர் தரையில் ஓடி, துவாரத்தில் நுழைந்து, மதில் ஏறி மறைந்தது. கஸ்பார் அதைச் சுருளாகச் சுற்றித் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உப்பளத்துக்குப் போய்விட்டான்.

மறுநாளிலிருந்து வார்டில் ஒரே வழக்கு, யார் பிழைக்கவைத்தது என்று. ரோசம்மா மாதா என்றாள். தங்கம் சிஸ்டர் லைசால் என்றாள். பைபிள் வாசிக்க வரும் அம்மா வார்டு ஜெபத்தில் இதைச் சாட்சியாகவே சொல்லிவிட்டாள், கயிற்றை விட்டுவிட்டு. மிக்கேல், "எங்க மச்சான்" என்பதோடு நிறுத்திக்கொண்டான். டாக்டரம்மாவிடம் நான் கேட்டேன். "வெந்நீர்த் துணி" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய், "கடவுள் கிருபை" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி, "கயிறும் கெடந்துட்டுப் போகட்டும்" என்றார்.

சபையில் கஸ்பாரை விசாரித்தார்களாம். ஆஸ்பத்திரிக்குள் போனாயா? இல்லை. மருந்து தொட்டாயா? இல்லை. பின்னே உள்ளங்கையில் என்ன லைசால் வாடை? "ரோட்டுல நின்னு ஒரு கயிறு பிடிச்சேன்" என்றிருக்கிறான். பெரியவர்கள் யோசித்துப் பார்த்து, கயிறு பிடிப்பது பாவம் என்று எங்கேயும் எழுதவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால் மிக்கேல் ஆறு மாசம் கழித்து மறுபடி கடலுக்குப் போனான், கயிறு பிடிக்கக் கஸ்பாரும். சமாதானம் என்று நினைக்காதே. கரையில் இரண்டு பேரும் கடைசிவரை முகம் பார்த்துப் பேசவில்லை. தோணியில் மட்டும்தான் பேச்சு, அதுவும் கயிறு வழியாக.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரொம்ப வருஷம் கழித்து டாக்டரம்மாவுக்கே பித்தப்பையில் கல். அதே தியேட்டர், அதே மேஜை, அறுக்கப்போவது அவர் பழக்கிவிட்ட சின்ன டாக்டர். சட்டம் எல்லோருக்கும் சட்டம்தானே? டப்பாவை நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதில் போட்டார். தலையணைக்கு அடியில் வைத்திருந்த கையளவு வேதப் புத்தகத்தையும் எடுத்துப் போட்டார். சின்ன டாக்டர் ஜெபம் செய்தார், ஆமென் ஆயிற்று. தங்கம் சிஸ்டர் மூக்கு வலையை எடுத்தாள்.

"பேச்சி, எங்கன நிக்க?"

"இங்கனதாம்மா."

விரித்திருந்த துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. என் சேலை முந்தானையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"ஜெபம் பண்ணியாச்சேம்மா" என்றேன்.

"பண்ணியாச்சு. இது சும்மா. கை குளிருது."

தரை கழுவின சேலை அது, கிருமிக்குக் குறைவே இல்லை. தங்கம் சிஸ்டர் பார்த்தாள், துணியை இழுத்து அந்தக் கையையும் முந்தானையையும் மூடிவிட்டாள். நான் அசையாமல் நின்றேன். அவ்வப்போது முந்தானையை இரண்டு சுண்டு சுண்டினேன். மயக்கத்தில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்கிறாயா? தெரியாதுதான். ஆனால் கண் திறந்தவுடன் அந்தக் கை முந்தானையை விடவில்லை, முதலில் மூன்று தடவை இழுத்தது. அதற்குப் பிறகுதான் விட்டது.

கலாவிடம் கேட்டுச் சொல்லு புஷ்பம், அந்த வகுப்பில், எது தைரியம் கொடுக்கிறது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார்களே, பேஷண்ட் 'மச்சான்' என்று சொன்னால் அடுத்து என்ன செய்யணும் என்று சொல்லிக் கொடுத்தார்களா... ஐயோ, குழாய்ச் சத்தம் கேக்குதா? தண்ணி வந்துட்டுளா! மூணு நாளுக்கு ஒருக்கா வாரது, நான் இங்கன உக்காந்து கதை அளந்துக்கிட்டு கெடக்கேன். எந்திரி, அந்தப் பெரிய குடத்தை எடு. இங்கன, இந்தக் குடத்து வாயப் பிடிச்சுக்க. நான் சொல்லுத வரைக்கும் விட்டுறாத.